ஆட்டோ பைலட் ஓட்டும்போது விமானிக்கு என்ன வேலை? 92 உயிர்களைப் பறித்த பெங்களூரு விபத்து சொல்லும் பாடம் என்ன?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியை எட்டும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். பாறைப் பிளவின் மேல் போட்ட பாலத்தைக் கடந்து, மேலே போய் நின்று சுற்றிப் பார்த்தால் குண்டு குண்டான பாறை மலைகளும் வயல்களும் தெரியும். அப்படியே தலையை நிமிர்த்தினால், சில சமயம் ஒரு விமானமும் கண்ணில் படும்.

கோவை, கொச்சி பக்கமிருந்து சென்னைக்கு வரும் ஒரு விமானம் இந்த வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செஞ்சியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் 110 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இந்தத் தூரத்தில் அந்த விமானம் ஏற்கெனவே கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். உயரம் சுமார் 20,000 அடி. இன்னும் கால் மணி, இருபது நிமிடத்தில் தரையிறங்கிவிடும்.

சரி, அந்த விமானத்தை இப்போது யார் ஓட்டுகிறார்கள்? பெரும்பாலும் ஆட்டோ பைலட். அப்படியென்றால் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு விமானிகளும் என்ன செய்கிறார்கள்?

"பட்டனை அழுத்திட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அவர்கள் செய்யும் வேலைக்குப் பெயர் கண்காணிப்பு. விமானத்தைக் கையில் பிடித்து ஓட்டுவதைவிட இதுதான் கஷ்டம் என்று கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த விபத்துகள் காட்டுகின்றன. அதில் மிகப் பெரிய பாடம் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூருவில் நடந்தது.

ஆட்டோ பைலட் என்றால் என்ன?

நாம் பொதுவாக ஆட்டோ பைலட் என்று சொல்வது உண்மையில் ஒரே கருவி இல்லை. குறைந்தது மூன்று கருவிகள் கூட்டாக வேலை செய்கின்றன.

முதலாவது, பாதையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர். எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் இதில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். இரண்டாவது, விமானத்தைத் திருப்புவது, மூக்கைத் தூக்குவது, தாழ்த்துவது போன்றவற்றைச் செய்யும் ஆட்டோ பைலட். மூன்றாவது, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட். போயிங்கில் இதையே ஆட்டோ த்ராட்டில் என்பார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் பல 'மோட்'கள் உண்டு. வாஷிங் மெஷினில் எந்த மோடில் போட்டிருக்கிறோம் என்று தெரியாமல் பட்டுப்புடவையைப் போட்டால் என்ன ஆகும்? அந்த மாதிரிதான் இதுவும். கருவி சரியாகத்தான் வேலை செய்யும். ஆனால் நாம் நினைத்த வேலையைச் செய்கிறதா என்பது வேறு கேள்வி.

எந்த மோட் ஓடுகிறது என்பது விமானியின் எதிரே இருக்கும் திரையின் மேல் பகுதியில் சின்ன எழுத்துகளில் வரும். மோட் மாறினால் அந்த எழுத்து மாறும். அதை இரண்டு விமானிகளும் கவனித்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேருக்கும் என்ன வேலை?

காக்பிட்டில் கேப்டன், துணை விமானி என்பது பதவி. வேலைப் பங்கீடு தனி. ஒருவர் 'பைலட் ஃப்ளையிங்', அதாவது ஓட்டும் விமானி. இன்னொருவர் 'பைலட் மானிட்டரிங்', கண்காணிக்கும் விமானி. ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால், அடுத்ததில் துணை விமானி ஓட்டுவது சகஜம்.

முன்பு இந்த இரண்டாவது ஆளுக்கு 'பைலட் நாட் ஃப்ளையிங்' என்று பெயர். அதாவது, 'ஓட்டாத விமானி'. என்ன செய்யவில்லை என்பதை வைத்து ஒருவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள்! 2000-களில்தான் அது கண்காணிக்கும் விமானி என்று மாறியது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், விமானிகளின் செயல்பாடு காரணமாக இருந்த 37 பெரிய விபத்துகளை எடுத்துப் பார்த்தது. அதில் 31 விபத்துகளில் ஒருவர் செய்ததை இன்னொருவர் சரியாகக் கண்காணிக்கவில்லை, அல்லது தவறைச் சுட்டிக்காட்டவில்லை என்று தெரிந்தது.

1990 பிப்ரவரி 14: பெங்களூருவில் என்ன நடந்தது?

இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஐசி 605 விமானம் அன்று பம்பாயிலிருந்து பெங்களூருவுக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே 146 பேர். விமானம் ஏர்பஸ் ஏ320. வாங்கி இரண்டு, மூன்று மாதம்கூட ஆகாத புத்தம் புது விமானம். ஏ320 ரகமே அப்போது உலகத்துக்குப் புதுசு. 1988-ல்தான் பயணிகள் சேவைக்கு வந்திருந்தது. கம்பிகளும் கப்பிகளும் இழுத்து இயக்கும் பழைய முறைக்குப் பதில் கம்ப்யூட்டர் வழியாக இயங்கும் விமானம் என்று பெரிய பேச்சு.

மதியம் சுமார் ஒரு மணி. வானம் தெளிவாக இருந்தது. மழை இல்லை, மூடுபனி இல்லை. எஞ்சினில் கோளாறு இல்லை. இரண்டு விமானிகளுமே ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவசாலிகள். ஆனால் ஏ320-ல் மட்டும் அவர்கள் பறந்த நேரம் மிகக் குறைவு. ஒருவர் கேப்டன் பொறுப்புக்கான சோதனையில் இருந்தார். இன்னொருவர் அவரைச் சோதிப்பவர்.

பழைய எச்ஏஎல் விமான நிலைய ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், விமானம் ஓடுபாதைக்குச் சுமார் 2,300 அடி முன்னாலேயே ஒரு கோல்ஃப் மைதானத்தில் தரையைத் தொட்டது. துள்ளி, மறுபடி விழுந்து, ஒரு கரையில் மோதித் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள். 54 பேர் உயிர் தப்பினார்கள்.

நல்ல வானிலை, நல்ல விமானம், அனுபவமுள்ள இருவர். பிறகு எப்படி?

ஒரு திருகு குமிழ், ஒரு எண்

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் விசாரணை நடந்தது. அதில் தெரியவந்ததை எளிமையாக இப்படிச் சொல்லலாம்.

கடைசிக் கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்க வேண்டும் என்று ஓட்டும் விமானி கேட்கிறார். இறங்கும் வேகத்தை வைக்கும் குமிழும், உயரத்தை வைக்கும் குமிழும் ஒரே பலகையில் அருகருகே இருக்கின்றன. இறங்கும் வேகத்தில் 700 என்று வைப்பதற்குப் பதில், உயரத்தில் 700 என்று வைத்திருக்கலாம். நடந்ததற்கு அதிக வாய்ப்புள்ளது இதுதான் என்பது விசாரணையின் முடிவு.

இதில் என்ன பிரச்சினை? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கும் ஊர். 700 அடி என்றால் அந்த ஊரின் தரைக்கும் 2,200 அடி கீழே! கம்ப்யூட்டருக்கு அது வெறும் எண். "ரொம்ப கீழே போகணும் போல" என்று எடுத்துக்கொண்டு அது 'ஓபன் டிசெண்ட்' என்ற மோடுக்குப் போய்விட்டது. வேகமாக உயரத்தைக் குறைப்பதற்கான மோட் அது. இந்த மோடில் எஞ்சின் ஐடிலுக்குப் போய்விடும். அதாவது, நியூட்ரலில் நிற்கும் வண்டி மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் தள்ளாது.

நடு வானத்தில் இந்த மோட் வழக்கமான ஒன்றுதான். தரைக்குப் பக்கத்தில் ஆபத்து.

விமானி எதிரே ஓடுபாதை தெரிகிறது. அதை நோக்கிப் போக மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறார். எஞ்சின் தள்ளாமல் மூக்கை மட்டும் தூக்கினால் என்ன ஆகும்? மேட்டில் ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஏறும் ஸ்கூட்டர் மாதிரி வேகம் விழும். 132 நாட் வேகத்தில் இருந்திருக்க வேண்டிய விமானம் 106 நாட் வரை இறங்கியது. மணிக்கு 244 கிலோமீட்டரிலிருந்து 196-க்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வேகம் குறைவது திரையில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மோட் எழுத்தும் திரையில் இருந்தது. தரை நெருங்குவதை ஒரு எந்திரக் குரல் அடி அடியாகச் சொல்லிக்கொண்டும் இருந்தது. அதாவது எதுவுமே மறைக்கப்படவில்லை. ஆனால் 'வேகத்தை ஆட்டோ த்ரஸ்ட் பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை இருக்கும்போது வேகத்தை யார் பார்ப்பார்கள்?

எச்சரிக்கும் விஷயமே காணாமல் போனால்?

ஏ320-ல் இன்னொரு சங்கதி உண்டு. இது விமானிகளே இன்றும் விவாதிக்கும் விஷயம்.

போயிங் விமானங்களில் ஆட்டோ த்ராட்டில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும்போது, நடுவில் இருக்கும் நெம்புகோல்களும் கூடவே முன்னும் பின்னும் நகரும். கையை அதன் மேல் வைத்திருந்தாலே எஞ்சின் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஏர்பஸ்ஸில் ஆட்டோ த்ரஸ்ட் வேலை செய்யும்போது நெம்புகோல் ஒரே இடத்தில் நிற்கும். எஞ்சின் ஐடிலுக்குப் போனாலும் கைக்கு எதுவும் தெரியாது. கண்ணால் திரையைப் பார்த்தால்தான் உண்டு.

அன்று கடைசி நேரத்தில் நிலைமையை மாற்ற ஒரு வாய்ப்பும் இருந்தது. எப்படி ஓட்டணும் என்று திரையில் கோடு காட்டும் 'ஃப்ளைட் டைரக்டர்' என்ற வசதி இரண்டு விமானிகளுக்கும் தனித்தனியாக உண்டு. இரண்டையும் அணைத்திருந்தால், ஆட்டோ த்ரஸ்ட் தானாகவே வேகத்தைக் காப்பாற்றும் மோடுக்கு மாறியிருக்கும். ஒன்று அணைக்கப்பட்டது. இன்னொன்று அணையவில்லை.

விமானம் ஆபத்தான அளவுக்கு வேகம் இழந்தால் முழு விசையைத் தானே கொடுக்கும் பாதுகாப்பு அம்சமும் ஏ320-ல் இருக்கிறது. அது வேலை செய்தது. ஆனால் ஐடிலில் இருக்கும் ஜெட் எஞ்சின் முழு விசைக்கு வர சில விநாடிகள் பிடிக்கும். அந்தச் சில விநாடிகள் அவர்களிடம் இல்லை.

விபத்துக்குப் பிறகு இந்தியாவில் இருந்த ஏ320 விமானங்கள் மாதக்கணக்கில் பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டன. விமானத்தின் தவறா, விமானிகளின் தவறா என்று நாடு முழுக்க வாக்குவாதம். இன்று யோசித்தால், அந்தக் கேள்வியே சரியில்லையோ என்று தோன்றுகிறது. கருவி சொன்னதைச் செய்தது. மனிதர்கள் கருவியை நம்பினார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் 92 பேர் போனார்கள்.

அதே தவறு, 23 ஆண்டுகள் கழித்து

இது பழைய கதை, இப்போது எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்தால், 2013 ஜூலை 6-ஐப் பாருங்கள். தென் கொரியாவின் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777, சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்க வந்தது. அன்றும் நல்ல வெயில். அன்றும் ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது என்று விமானிகள் நினைத்தார்கள். ஆனால் அது அப்போது இருந்த மோடில் வேகத்தைப் பார்க்காது. விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் சுவரில் மோதியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். நெம்புகோல் நகரும் வசதியுள்ள போயிங் விமானம்தான் அது. ஆகவே ஏர்பஸ்ஸை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

"இது இப்ப என்ன பண்ணுது? ஏன் பண்ணுது? அடுத்து என்ன பண்ணப் போகுது?" நவீன காக்பிட்டில் அதிகம் கேட்கும் மூன்று கேள்விகள் இவைதான் என்று விமானிகளிடையே ஒரு ஜோக் உண்டு. பாதி ஜோக்தான்.

பார்த்துக்கொண்டே இருப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

"பால் அடுப்புல இருக்கு, பொங்குதான்னு பாத்துக்கோ" என்று வீட்டில் நிறுத்தி வைப்பார்கள் அல்லவா? நாம் முறைத்துப் பார்க்கும் வரை பால் அசையாது. போனை எடுத்து ஒரு மெசேஜ் பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுப்பெல்லாம் பால். நம்முடைய கவனக்குறைவு என்று திட்டு வாங்குவோம். உண்மையில் மனித மூளை அப்படித்தான். எதுவும் மாறாத ஒன்றை நீண்ட நேரம் உற்றுப் பார்க்க அதற்கு வராது.

இதை ஆய்வகத்தில் நிரூபித்தவர் நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப் போக எதிரிக் கப்பல்களைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கேட்டது பிரிட்டிஷ் விமானப்படை. மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் ஒவ்வொரு அடியாக நகரும். எப்போதாவது ஒருமுறை மட்டும் இரட்டை அடி தாண்டும். அதைக் கண்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. 1948-ல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் கணிசமாகச் சரிந்துவிடுகிறது.

செஞ்சிக்கே திரும்பி வந்தால், 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. எட்டு வருடம் மதிலில் நின்று பார்த்த காவலாளிக்குக் கஷ்டமான நாள் எதுவாக இருந்திருக்கும்? சண்டை நடந்த நாளைவிட, ஒன்றும் நடக்காத நூறாவது நாளாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் காவலில் ஆள் மாற்றுவார்கள்.

காக்பிட்டில் அப்படி அடிக்கடி ஆள் மாற்ற முடியாது. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவன விமானம் ஒன்று, இறங்க வேண்டிய மினியாபொலிஸ் நகரத்தைத் தாண்டிச் சுமார் 240 கிலோமீட்டர் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ரேடியோவில் பதில் இல்லை. கடத்தலோ என்று எல்லோரும் பதறினார்கள். விமானிகள் இருவரும் லேப்டாப்பில் பணி அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தார்கள்! விமானம் தன்பாட்டில் பறந்துகொண்டிருந்தது.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2014 ஆகஸ்ட் 8-ல் மும்பையிலிருந்து பிரசெல்ஸ் போன ஜெட் ஏர்வேஸ் போயிங் 777, துருக்கி வான்வெளியில் 5,000 அடி கீழே இறங்கிவிட்டது. கேப்டன் அனுமதிக்கப்பட்ட ஓய்வில் இருந்தார். இது விதிப்படி சரியானதுதான். துணை விமானியோ டேப்லெட்டில் கவனமாக இருந்தார். உயரம் குறைந்ததை முதலில் கண்டுபிடித்தது அங்காரா கட்டுப்பாட்டு அறை.

வேலைப்பளு குறைகிறதா, இடம் மாறுகிறதா?

விமானம் தானாகவே ஓடினால் வேலைப்பளு குறைய வேண்டும்தானே? குறைகிறது. ஆனால் குறைய வேண்டிய இடத்தில் குறைவதில்லை.

நடுவானில், ஏற்கெனவே வேலை கம்மியாக இருக்கும் நேரத்தில், ஆட்டோமேஷன் அதையும் எடுத்துக்கொள்கிறது. விமானி சலிப்படைகிறார். இறங்கும் நேரத்தில், ஏற்கெனவே வேலை குவிந்திருக்கும்போது, புதிய வேலை வந்து சேர்கிறது. செஞ்சிக்கு மேல் பறக்கும் அந்தச் சென்னை விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த ஓடுபாதை இல்லை, அந்த ஓடுபாதையில் இறங்குங்கள்" என்று கட்டுப்பாட்டு அறை சொன்னால், கையில் ஓட்டும் விமானி திருப்பிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் வைத்து ஓட்டுபவர் புதிய பாதையைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, மற்றவரிடம் உறுதிசெய்து, மோட் மாறியதா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் விமானம் நிமிடத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கும். பெங்களூருவில் குமிழ் மாறியது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

இதனால்தான் 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் தேவையில்லாத பேச்சே கூடாது என்று விதி இருக்கிறது. டீ, காபி கேட்பதும் கிடையாது.

இந்தச் சுமையை அளக்கவும் வழி இருக்கிறது. நாசா ஆய்வாளர்கள் 1988-ல் உருவாக்கிய டிஎல்எக்ஸ் என்ற கேள்வித்தாள் இன்றும் பயன்படுகிறது. மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு, நேர நெருக்கடி, முயற்சி, எரிச்சல், நாம் எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்ற ஆறு அம்சங்களில் விமானியே மதிப்பெண் போட வேண்டும். கண் எங்கெல்லாம் போகிறது என்று கேமரா வைத்துப் பார்க்கும் ஆய்வுகளும் சிமுலேட்டரில் நடக்கின்றன.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். சுலபமான வேலையை எல்லாம் எந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். எந்திரத்தால் முடியாத கஷ்டமான நேரத்தில் மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம். ஆனால் தினமும் செய்யாத வேலை கையிலிருந்து போய்விடும். 2009-ல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் இதுதான் நடந்தது. வேகம் காட்டும் கருவிகள் பனியால் அடைபட்டன, ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது, கையில் ஓட்ட வேண்டிய விமானிகள் தடுமாறினார்கள். 228 பேரும் இறந்தார்கள். அதன் பிறகு, 2013-ல், வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் விமானிகளைக் கையில் ஓட்ட விடுங்கள் என்று அமெரிக்க விமானத்துறை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

திருச்சி சுவர் உடைந்தது நினைவிருக்கிறதா?

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முடிவில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே ஏறியது. உள்ளே 136 பேர். வயிற்றில் கிழிசலோடு பல மணி நேரம் பறந்து, கடைசியில் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டது. யாருக்கும் காயமில்லை. உடைந்த சுவரின் படம் மறுநாள் எல்லா சேனலிலும் ஓடியது.

ஓடுபாதையில் ஓடும்போது கேப்டன் இருக்கையின் சாய்வுப் பகுதி பின்னால் சரிந்தது, அந்த நேரத்தில் எஞ்சின் விசை தெரியாமல் குறைக்கப்பட்டது என்று விசாரணை அறிக்கை சொன்னது. சீட் சரிவது யாருக்கும் நேரலாம். விசை குறைந்ததை எதிரே இருந்த எண்களில் இருவருமே கவனிக்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம். பெங்களூருவில் இறங்கும்போது நடந்தது, திருச்சியில் ஏறும்போது நடந்தது.

கவனித்தால் போதுமா? சொல்ல வேண்டாமா?

கண்காணிப்பது என்றால் கண் மட்டும் இல்லை, வாயும் வேண்டும். நம் நாட்டில் இது இன்னும் சிக்கலான விஷயம்.

2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பயணத்தில் நீண்ட நேரம் கேப்டன் தூங்கியிருந்தது காக்பிட் குரல் பதிவில் தெரிந்தது. விமானம் மிக உயரத்தில் வருகிறது, இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறலாம் என்று துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்காற்று. ஓடுபாதையின் பாதித் தூரம் வரை தரையைத் தொடாமல் போன விமானம். மறுபடி மேலே ஏறும்படி துணை விமானி சொன்னார். விமானம் நிற்காமல் சரிவில் விழுந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் பலி. கண்காணிக்கும் விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை என்று விசாரணை அறிக்கை எழுதியது.

எழுதுவது சுலபம். வயதிலும் அனுபவத்திலும் பெரியவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கடைசி சில விநாடிகளில் "சார், நான் எடுக்கறேன்" என்று ஒரு இளைஞர் சொல்லிவிட முடியுமா? ஆபீஸில் மேனேஜரின் எழுத்துப் பிழையைச் சொல்லவே நாம் நாலு தடவை யோசிக்கிறோம். அதனால்தான் இதை ஒழுக்கமாக எதிர்பார்க்காமல், பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். முதலில் விலகலைச் சொல்வது, பதில் வராவிட்டால் அழுத்திச் சொல்வது, அப்போதும் வராவிட்டால் கட்டுப்பாட்டை எடுப்பது என்று படிப்படியாக வார்த்தைகள்கூட முன்பே முடிவு செய்யப்பட்டிருக்கும். கேப்டன்களுக்கும் அதைக் கேட்டுக்கொள்ளும் பயிற்சி உண்டு.

தூக்கமில்லாதவர் எப்படிக் கண்காணிப்பார்?

இதை விட்டுவிட்டுக் கண்காணிப்பைப் பற்றிப் பேச முடியாது. சோர்வு வந்தால் முதலில் போவது கை வேலை இல்லை, கவனம்தான்.

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024-ல் புதிய பணி நேர விதிகளைக் கொண்டு வந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. இரவு என்ற கணக்கும் காலை 6 மணி வரை நீட்டப்பட்டது. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், பயணிகள் விமான நிலையங்களில் தவித்ததும் நினைவிருக்கும். புதிய விதிக்குத் தேவையான அளவு விமானிகள் பணி அட்டவணையில் இல்லை. இரவுப் பணி விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டது. விமானிகள் சங்கங்கள் அதை எதிர்த்தன.

அன்று டிவியில் வந்தது முழுக்க பெட்டியோடு காத்திருந்த பயணிகளின் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த விதி யாருடைய கண்ணை விழிக்க வைப்பதற்காக வந்ததோ, அவர்களைப் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது.

இனி ஒரே விமானிதானா?

ஒரு காலத்தில் காக்பிட்டில் மூன்று பேர் இருந்தார்கள். எஞ்சின் கருவிகளைப் பார்க்க ஃப்ளைட் இன்ஜினியர் என்று தனி ஆள் உண்டு. அவர் பார்த்ததைக் கம்ப்யூட்டர் பார்க்கத் தொடங்கியதும் இரண்டு பேர் ஆனது. அடுத்து, நீண்ட தூரப் பயணங்களில் நடுவானில் மட்டும் ஒருவர் காக்பிட்டில் இருக்க, இன்னொருவர் தூங்கப் போகலாமா என்ற யோசனை ஐரோப்பாவில் வந்தது. விமானிகளுக்கான செலவு குறையும் என்பது நிறுவனங்களின் கணக்கு. கண்காணிக்கவே ஆள் இல்லாமல் போகும் என்பது விமானிகள் சங்கங்களின் எதிர்ப்பு.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா இதை ஆராய்ந்து 2025-ல் அறிக்கை வெளியிட்டது. ஒருவர் திடீரென்று மயங்கினால் என்ன செய்வது, தூங்கிவிட்டால் எப்படித் தெரியும், ஒருவர் செய்ததை யார் சரிபார்ப்பது, தூங்கி எழுந்தவுடன் வருபவருக்கு நிலைமை புரிய எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் பார்த்தது. இப்போதிருக்கும் காக்பிட்டில் இரண்டு பேர் இருக்கும் அளவுக்கான பாதுகாப்பை இந்த முறை தரும் என்று போதுமான அளவு நிரூபிக்க முடியவில்லை என்பது அதன் முடிவு. காக்பிட்டை இன்னும் புத்திசாலித்தனமாக்கிவிட்டுத் திரும்ப யோசிக்கலாம் என்ற கதவை அது மூடவில்லை.

இப்போதைக்கு, செஞ்சியைத் தாண்டிச் சென்னைக்கு இறங்கும் விமானத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். 10,000 அடி வந்ததும் பேச்சு நின்றுவிடும். ஒருவர் கை குமிழைத் திருப்பும். இன்னொருவர் திரையில் வந்த எழுத்தை வாய்விட்டுப் படிப்பார்.